மாத்திரை போட்டேனா, இல்லையா?

பைபோலார், அதாவது மனநிலை சில காலம் அளவுக்கு மீறி ஏறியும் சில காலம் ரொம்ப இறங்கியும் போகிற வியாதி, இருக்கிற யாரிடமும் டாக்டர்கள் முதலில் பேசுவது ஒழுங்கைப் பற்றித்தான். தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள், ஒரே நேரத்துக்குப் படுங்கள், மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள், மனநிலையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். எல்லாமே சரியான அறிவுரை, ஒன்றில்கூட எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் இதையெல்லாம் செய்து முடிக்கிற மூளை நமக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். எனக்கு பைபோலாரும் இருக்கிறது, கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாத ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. அதிலும் துறுதுறுவென்று ஓடுகிற வகை இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே காணாமல் போகிற கவனக்குறைவு வகை. முதல் வியாதியில் பாதி மருந்து ஒழுங்குதான். இரண்டாவது வியாதி கை வைப்பதே அந்த ஒழுங்கில்தான். இது ரெண்டும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும் என்று பேச எனக்கு ரொம்ப காலம் ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆர்டர் உள்ளே வந்த நாளிலிருந்து பெட்டி வண்டியேறும் வரைக்கும் லேப் டிப், சாம்பிள், துணி, பிரிண்ட், தையல், செக்கிங் என்று எல்லாத் தேதியையும் துரத்துகிற வேலை. இந்த மூளையை வைத்துக்கொண்டு இந்த வேலையா என்று கேட்காதவர்கள் இல்லை. உண்மையில் இந்த வேலைதான் என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. தேதியை நான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆர்டர் கொடுத்த பையர் நினைவு வைத்திருப்பார், டையிங்காரர் போன் பண்ணுவார், பேக்கிங் செக்‌ஷனிலிருந்து ஆள் வந்து மேசைக்கு முன்னால் நிற்பார். எனக்கு வெளியே இருக்கிற கடிகாரத்தில் நான் நன்றாகவே ஓடுவேன். உள்ளே இருக்கிற கடிகாரத்தை நம்பச் சொன்னால்தான் கஷ்டம்.

பைபோலார் முதலில் வந்தது, அதாவது முதலில் பெயர் வைக்கப்பட்டது. தலைப்பிரசவம் ஆகி தாராபுரம் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது, பிள்ளை தூங்கினாலும் நான் தூங்காமல், களைப்பே இல்லாமல், விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பிந்திய வாரங்கள்தான் ஒரு பெண்ணுக்கு மேனியா, அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறுகிற நிலை, வர மிக அதிக வாய்ப்புள்ள காலம் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி, ஊசி, அப்புறம் மாதக்கணக்கில் எழுந்திருக்கவே முடியாத சோர்வு, அப்புறம் மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரை. அந்தக் கதை இந்த வியாதி வந்த எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஏ.டி.எச்.டி.க்குப் பெயர் கிடைக்க அதற்கு மேல் பத்து வருடத்துக்குமேல் ஆனது.

ஒரே மெயில், மூன்று விதம்

"கவனம் சிதறுகிறது" என்று டாக்டரிடம் சொன்னால் அது எதையும் சொன்னதாகாது. மேனியாவிலும் கவனம் சிதறும், டிப்ரஷனிலும் மனம் ஒருமுகப்படாது, ஏ.டி.எச்.டி. என்றாலே அதுதான். நோயைக் கண்டுபிடிக்கிற மூன்று பட்டியலிலும் இந்த ஒரு வரி இருக்கிறது. பைபோலார் ஏற்கனவே இருக்கிற ஆளுக்கு ஏ.டி.எச்.டி. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. அதனால் உள்ளேயிருந்து பார்த்தால் மூன்றும் எப்படி வேறுபடுகிறது என்று ஒரே ஒரு விஷயத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். பையரிடமிருந்து ஒரு மெயில் வருகிறது, கழுத்துப் பட்டையின் அளவை மாற்றச் சொல்லி, நடுவில் ஒரு வரியில் ஷிப்மென்ட் தேதியையும் ஒரு வாரம் முன்னால் இழுத்து.

சாதாரண நாளில், அதாவது மனநிலை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்கிற நாளில், நான் அந்த மெயிலைத் திறப்பேன், ஆசையாகவே படிப்பேன். கண் கடைசி வரிக்குப் போயிருக்கும், உள்ளே ஒன்றும் இறங்கியிருக்காது. மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை கழுத்துப் பட்டை இறங்கும், தேதி இறங்காது. எனக்கு அந்த வேலையில் அக்கறை இல்லை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அக்கறை முழுசாக இருக்கிறது, நான்தான் அங்கே இல்லை. டிப்ரஷனில் மெயிலைத் திறக்கவே மாட்டேன். அங்கே கவனம் இல்லாதது பிரச்சினையே இல்லை. திறந்து என்ன ஆகப்போகிறது, கம்பெனி நடந்தால் என்ன, நான் இருந்தால்தான் என்ன என்கிற பாரம் விரலிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். மேலே ஏறுகிற நாட்களில் பாதி மெயிலிலேயே பதில் எழுத ஆரம்பித்துவிடுவேன், கழுத்துப் பட்டைக்கு நாலு புது யோசனை சொல்வேன், அந்த ஆர்டரையே வேறு துணியில் போடலாம் என்பேன். எல்லாமே முக்கியம், எல்லாமே ஒளிர்கிறது, எதையும் விட மனசு வராது.

வெளியே இருந்து பார்க்கிறவருக்கு மூன்று நாளும் ஒன்றுதான், தேதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். ஆனால் முதல் வகை என்னிடம் எப்போதும் இருக்கிறது, மற்ற ரெண்டும் வந்து போகிறவை. டாக்டர்கள் பிரித்துப் பார்ப்பதும் இதை வைத்துத்தான். மேனியாவின் லேசான வடிவமான ஹைப்போமேனியா என்று சொல்ல குறைந்தது 4 நாள் தொடர்ச்சியாக மாற்றம் இருக்க வேண்டும், டிப்ரஷனுக்கு 2 வாரம், ரெண்டுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு உண்டு. ஏ.டி.எச்.டி.க்குத் தொடக்கம் என்று காட்ட ஒரு நாள் இருக்காது. 12 வயதுக்கு முன்னாலேயே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் 2013லிருந்து உள்ள விதி, அதற்கு முன்னால் 7 வயது என்று இருந்தது. இன்னொன்று தூக்கம். ஏ.டி.எச்.டி.யில் தூங்கப் போகவே நேரமாகும், காலையில் எழுந்திருக்க உயிர் போகும். மேனியாவில் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு முழு நாளும் புதுசாக இருப்போம். இந்த வித்தியாசத்தை மட்டும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிவைத்தாலே போதும், பாதிப் பிரச்சினையை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

சந்தேகம் வந்தால் போடாதே

என்னை ரொம்ப வருடம் உறுத்திக்கொண்டிருந்தது ஒரே ஒரு குற்றச்சாட்டு, நான் மாத்திரையை வேண்டுமென்றே விடுகிறேன் என்பது.

லித்தியத்தை மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்து ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் எழுதியது 1949ல். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பைபோலாருக்கு முன்வரிசை மருந்து அதுதான். ஆனால் அது வேலை செய்கிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறுகல். தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் லித்தியத்தைப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் 1.0 வரை போவார்கள். 1.5ஐத் தாண்டினால் வாந்தி, கை நடுக்கம், நடை தள்ளாட்டம் என்று ஆரம்பிக்கும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் 0.4, 0.3 என்றுதான் வரும். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அப்போதைய டாக்டர் முகம் மாறும், என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் பேச ஆரம்பிப்பார். மேனியாவின் சந்தோஷத்துக்கு ஏங்கி நிறையப் பேர் மருந்தை நிறுத்துவார்கள், பார்த்துக் கொடுங்கள் என்பார். அப்படி நிறுத்துகிறவர்கள் உண்டு, அவர்களையும் எனக்குப் புரிகிறது. நான் அந்த ஆள் இல்லை. பிரசவத்துக்குப் பிந்திய அந்த மாதங்களுக்குத் திரும்பிப் போவதைவிட என்ன மாத்திரை வேண்டுமானாலும் போடத் தயாராக இருந்தேன். ஆனால் ரிப்போர்ட் வேறு மாதிரி சொல்கிறதே, நான் என்ன பதில் சொல்வது?

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு புது டாக்டரிடம் போனோம். அதே ரிப்போர்ட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார், "வேண்டாம்னு விடறீங்களா, இல்ல போட்டோமா இல்லையான்னு தெரியாம விட்டுப் போகுதா?"

எனக்கு அந்தக் கேள்வி விளங்கவே ஒரு நிமிஷம் ஆனது, ஏனென்றால் யாரும் அதுவரை ரெண்டையும் பிரித்துக் கேட்டதில்லை. "தெரியாமத்தான் மேடம்" என்றேன். "தெரியாதப்ப என்ன பண்ணுவீங்க?" "போட மாட்டனுங்க. சந்தேகமா இருந்தா இன்னொண்ணு போட்டுறாதீங்கன்னு ஆரம்பத்துலயே சொல்லியிருக்காங்க." எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "சந்தேகம் அடிக்கடி வருமா?" என்றார். அடிக்கடியா! காலை, ராத்திரி என்று ரெண்டு வேளை மாத்திரை அப்போது. வாரத்தில் பாதி வேளைக்கு மேல் எனக்குச் சந்தேகம்தான்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறவர்களுக்கு இது தெரியும். பத்து மாத்திரை அட்டையில் நாலு குழி காலி. நாலாவது குழி இன்றைக்குக் காலையில் உடைத்ததா, நேற்று ராத்திரியா? வாயில் தண்ணீர் ஊற்றின ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது எந்த நாளின் தண்ணீர்? தினமும் ஒரே மாதிரி செய்கிற காரியம் எனக்குத் தனித்தனி நாளாகப் பதிவதே இல்லை. அட்டையின் பின்பக்கம் பேனாவால் தேதி எழுதிப் பார்த்தேன், அலுமினியத் தாள் கிழிந்து மாத்திரை கீழே விழுந்ததுதான் மிச்சம். போனில் அலாரம் வைத்தால், அலாரத்தை நிறுத்துகிற விரலுக்கும் அட்டையை எடுக்கிற கைக்கும் நடுவில் குக்கர் விசில் அடித்துவிடும். லித்தியத்தில் இரட்டை டோஸ் விளையாட்டில்லை என்பதால் நான் சொன்ன சொல்லை மீறாமல் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் விட்டுவிட்டேன். ரத்தத்தில் அளவு குறைந்தது அதனால்தான். பல வருடமாக என்னை அடங்காதவள் என்று நினைக்க வைத்த அந்த 0.3, அறிவுரையை அப்படியே கடைப்பிடித்ததால் வந்தது. அன்றைக்கு அந்த அறையில் நான் அழுதேன். என் கணவர் எதுவும் பேசவில்லை. திரும்பி வரும்போது அவிநாசி தாண்டித்தான், "இத்தனை வருசம் நானும் அதையேதான் நெனச்சேன்" என்றார்.

அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார் டாக்டர். சின்ன வயதில் எப்படி இருந்தேன் என்று என்னைக் கேட்பதைவிட, பார்த்தவரைக் கேட்பதுதான் முறை. அம்மாவுக்கு ஏ.டி.எச்.டி. என்றால் என்னவென்றே தெரியாது, தெரியாததே நல்லதாகப் போயிற்று. "சின்னதுல இருந்தே இவ இப்படித்தானுங்க. மாட்டப் புடிச்சுக் கட்டுன்னா, மாடு அது பாட்டுக்குப் போயிருக்கும், இவ கயித்தக் கையில வெச்சுட்டு வேப்பமரத்தப் பாத்துட்டு நிப்பா. வாத்தியாருங்க அடிக்கக்கூட மாட்டாங்க, சத்தமே போடாத புள்ளையில்லீங்களா" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் கவனக்குறைவு வகைப் பெண்பிள்ளைகளின் முழு வரலாறும். வகுப்பைக் கலைக்காத பிள்ளையை யார் டாக்டரிடம் கூட்டிப் போகப் போகிறார்கள்?

மருந்துக்குமேல் மருந்து

பைபோலார் உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு பேர் இருந்தும் ரெண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கத் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குக் காரணமும் நியாயமானதுதான். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கிற மெத்தில்பெனிடேட் தூண்டும் வகை மருந்து. அது மேனியாவைக் கிளப்பிவிடுமோ என்கிற பயம் எல்லா டாக்டருக்கும் உண்டு. இதைப் பற்றி 2017ல் ஸ்வீடனின் பதிவேடுகளை வைத்து, பைபோலார் உள்ள சுமார் 2,300 பேரைப் பார்த்து ஒரு ஆய்வு வந்தது. மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து இல்லாமல் மெத்தில்பெனிடேட் மட்டும் எடுத்தவர்களுக்கு முதல் 3 மாதத்தில் மேனியா வரும் ஆபத்து ஏறக்குறைய 7 மடங்கு கூடியிருந்தது. சமன்படுத்தும் மருந்தும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. அதனால்தான் முதலில் மனநிலையை நிலைநிறுத்து, அப்புறம் கவனத்துக்குப் போ என்கிற வரிசை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக எதையும் சேர்க்கவோ நிறுத்தவோ வேண்டாம், அந்த 7 மடங்கு வெறும் எண் இல்லை.

எனக்கு முதலில் லித்தியத்தை ராத்திரி ஒரே வேளையாக மாற்றினார்கள். சந்தேகத்துக்கு இடமே பாதியாகக் குறைந்தது. அடுத்தது மெடிக்கலில் கிடைக்கிற ஏழு நாள் மாத்திரை டப்பா. அதை நிரப்புவது நான் இல்லை, அத்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கு வெங்காயம் உரிக்க உட்காரும் முன்னால் டப்பாவை நிரப்பி, குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்துவிடுவார். செவ்வாய்க்கிழமை அறை காலியாக இருந்தால் செவ்வாய்க்கிழமை போட்டாச்சு. அவ்வளவுதான். நான் நினைவு வைத்திருக்க வேண்டியது ஒன்றும் இல்லை. ரத்த அளவு 0.7க்கு வந்து அங்கேயே நிற்கிறது.

அதற்குப் பிறகு, மாதக்கணக்கில் மனநிலை அசையாமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான், குறைந்த டோஸில் மெத்தில்பெனிடேட் ஆரம்பித்தார்கள். அந்த மருந்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தியாவில் அது எக்ஸ் பட்டியல் மருந்து, சீட்டு ரெண்டு பிரதியாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் ரெண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கடையிலும் வைக்கவும் மாட்டார்கள். தவறான கைக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு, புரிகிறது. ஆனாலும் சீட்டை மறக்காமல் வாங்கி, தொலைக்காமல் வைத்து, தீரும் முன்னால் கோயம்புத்தூர் போய், இருக்கிற கடையைக் கண்டுபிடித்து வாங்க வேண்டிய மருந்து, இதையெல்லாம் செய்ய முடியாத ஆட்களுக்கு எழுதப்படுகிற மருந்து. யாராவது துணைக்கு இல்லாதவர்கள் இதை எப்படி வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.

லித்தியத்தால் எனக்குத் தைராய்டும் குறைந்துவிட்டது, அதற்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டுக்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினுக்கும் ரத்தப் பரிசோதனை. தலைவலி என்றால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் தொடக்கூடாது, பாராசிட்டமால் மட்டும். வியர்வையில் நீர் வற்றினாலும் லித்தியம் ஏறும் என்பதால் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிப்பதையும் மறக்கக்கூடாது. ஆபீசில் என்னிடம் எப்போதும் ஒரு ரெண்டு லிட்டர் பாட்டில் இருக்கும், பக்கத்து மேசை அக்கா அதைக் காலி பண்ண வைப்பார். அவருக்குத் தெரிந்தது தைராய்டு வரைக்கும்தான்.

வெளியே கட்டிய ஒழுங்கு

பிட்ஸ்பர்க்கில் எல்லன் ஃபிராங்க் என்பவர் பைபோலாருக்காக உருவாக்கிய ஒரு பேச்சுவழி சிகிச்சை இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து நேரங்களைக் குறித்துவைக்கச் சொல்வார்கள்: படுக்கையை விட்டு எழுந்தது, முதல் மனுசரிடம் பேசினது, வேலை தொடங்கினது, ராத்திரி சாப்பிட்டது, படுத்தது. இந்த ஐந்தும் நாளுக்கு நாள் பெரிதாக நகராமல் இருந்தால் உடம்புக் கடிகாரம் நிலையாக இருக்கும், மனநிலையும் சாயாமல் இருக்கும் என்பதுதான் அடிப்படை. டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு முதலில் பழைய எரிச்சல்தான் வந்தது. மறுபடி ஒரு அட்டவணை, மறுபடி ஒரு நோட்டு. ஆனால் "நீங்க எழுத வேண்டாம், இந்த அஞ்சு நேரத்துக்கும் வெளியில யாராவது ஒரு ஆள் இருக்காங்களான்னு மட்டும் பாருங்க" என்றார். பார்த்தால், இருக்கிறார்கள். பால்காரர் மணி அடிக்கிற நேரம் எழுந்தாக வேண்டும், முதலில் பேசுவதும் அவரிடம்தான். ஸ்கூல் வேன் நிற்காது. கம்பெனி பஸ்ஸும் நிற்காது. ராத்திரிச் சாப்பாடு அத்தையின் சீரியல் முடிகிற நேரம். படுப்பதற்கு மட்டும்தான் ஆள் இல்லாமல் இருந்தது, அதற்கு என் கணவர் சரி என்றார். பத்தரைக்கு வைஃபையை நிறுத்திவிடுவார். முதல் வாரங்களில் அதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், இப்போது போடுவதில்லை.

மனநிலை நோட்டையும் விட்டாச்சு. அதற்குப் பதிலாகச் சமையலறை மாதக் காலண்டரில் அவர் ஒரே ஒரு எண் எழுதுகிறார், நான் எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று. 7, 7, 6, 7. தொடர்ந்து ரெண்டு நாள் 5க்குக் கீழே வந்தால், எனக்கு எவ்வளவு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் டாக்டருக்குப் போன் போய்விடும். இதை நான் நன்றாக இருக்கிற நாளிலேயே ஒத்துக்கொண்டு சொல்லி வைத்திருக்கிறேன், ஏனென்றால் மேலே ஏறுகிற நாளில் ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பெனியிலும் ஷிப்மென்ட் நேரத்து ராத்திரி வேலைக்கு நிற்பதில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு ராத்திரி தூக்கம் போனால் என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு ராத்திரியோடு நிற்காது.

இதையெல்லாம் கேட்டு, எல்லாவற்றுக்கும் அடுத்தவரை நம்பி இருக்கிறாயே என்று என் தோழி ஒருத்தி வருத்தப்பட்டாள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. கண்ணாடி போட்டிருக்கிறவரிடம் போய்க் கண்ணை நம்பாமல் கண்ணாடியை நம்புகிறாயே என்று யாரும் கேட்பதில்லை. அத்தை நிரப்புகிற டப்பா எனக்கு அந்த மாதிரி. எனக்கு வருத்தம் வேறு இடத்தில். "மாத்திரை போட்டாச்சா கண்ணு?" என்று அவர் அன்பாகக் கேட்பதற்கும், நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் அதே கேள்வியை மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ரெண்டாவது வகைக் கேள்வி வந்தால் இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. டப்பா குளிர்சாதனப் பெட்டி மேல்தான் இருக்கிறது, திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னும் தீராத ஒன்று சாயங்காலம். காலையில் போடுகிற மெத்தில்பெனிடேட் மதியத்துக்கு மேல் தாங்குவதில்லை. மகள் கணக்குப் புத்தகத்தோடு வந்து உட்காருகிற நேரத்தில் நான் பழையபடி காணாமல் போய்விடுகிறேன், அவள் என் கையைத் தட்டித் தட்டித்தான் அடுத்த வரிக்குக் கூட்டிப் போகிறாள். மதியம் இன்னொரு சின்ன டோஸ் போடலாம் என்கிறார் டாக்டர், ஆனால் அது ராத்திரித் தூக்கத்தைத் தொட்டால் எல்லாக் கணக்கும் தப்பிவிடும். எனக்கு மேலே ஏறுகிற காலம் பெரும்பாலும் பங்குனி, சித்திரை. அதனால் வைகாசி பிறக்கட்டும், காலண்டரில் ஏழும் ஆறுமாக நின்றால் அப்போது ஆரம்பிக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரைக்கும் கணக்குப் பாடத்தைக் காலையில் வேன் வருவதற்கு முன்னால் மாற்றியிருக்கிறோம். அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் எழுந்து வருகிறாள்.